1796ஆம் ஆண்டுச் சமையல் நூலிலிருந்து பண்டிகைப் பூசணிப் பை: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

கனெக்டிகட், அமெரிக்கா

நவம்பரில் வரும் நன்றி நவிலல் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நெருங்கினால் இங்குள்ள கடைகளில் டப்பாப் பூசணி மலையாகக் குவிந்துவிடும். டப்பாவில் ஒட்டியிருக்கும் குறிப்பின்படி இரண்டு முட்டை, எவாப்பரேட்டட் பால் (நீர் வற்றவைத்த டப்பாப் பால்), முக்கால் கப் சர்க்கரை எல்லாவற்றையும் கலந்து மாவுப் போர்வையில் ஊற்றிச் சுட்டால் பை (pie) என்ற இனிப்புப் பண்டம் தயார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் வசிப்பது ஹார்ட்ஃபோர்டுக்கு அருகில். அமீலியா சிம்மன்ஸ் எழுதிய ‘அமெரிக்கன் குக்கரி’ 1796இல் அச்சானது இந்த ஊரில்தான். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே வெளிவந்த முதல் சமையல் நூல் அது. அதிலுள்ள பூசணிப் பையை ஒரு பண்டிகைக்காவது செய்து மேசையில் வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இந்த வருடம் நிறைவேறியது.

நூல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கிறது. அந்தக் காலத்து அச்சில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலவே இருக்கும். கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். முகப்புப் பக்கத்தில் சிம்மன்ஸ் தன்னை ‘ஓர் அமெரிக்க அனாதை’ என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அச்சுக்குத் தயார் செய்யும் அளவுக்குப் படிப்பு இல்லாததால் குறிப்புகளை வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்த நபர் முக்கியமான பொருள்களை விட்டுவிட்டு, வேறு எதையெதையோ நுழைத்துவிட்டார். நூலின் விற்பனையைக் கெடுக்கவே இப்படிச் செய்தார் என்று சிம்மன்ஸ் வெளிப்படையாகக் குற்றம்சாட்டி, திருத்தங்களையும் அச்சிட்டுச் சேர்த்தார். அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆதரவில்லாத ஒரு பெண் தன் கைப்பக்குவத்தை நம்பி நூல் போட, அதிலும் ஒருவர் கைவைத்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு அவருடைய குறிப்பு இருநூறு ஆண்டுகளைக் கடந்து என் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை அலட்சியமாகச் செய்ய மனம் வரவில்லை.

பூசணிக்கு இரண்டு குறிப்புகள் இருக்கின்றன, இரண்டும் புட்டிங் வரிசையில். முதலாவது பணக்காரக் குறிப்பு: வேகவைத்து வடித்த பூசணி ஒரு குவார்ட் (சுமார் 950 மில்லி), கிரீம் மூன்று பைண்ட் (பைண்ட் என்பது அரை குவார்ட்), அடித்த முட்டை ஒன்பது, சர்க்கரை, ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி, மாவுப் போர்வையில் ஊற்றி, மேலே மாவுப் பட்டைகளைக் கட்டம் கட்டமாக இட்டு, முக்கால் மணி நேரம் சுட வேண்டும். அவ்வளவுதான். சர்க்கரை எவ்வளவு, வாசனைப் பொருள் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. செங்கல் அடுப்பில் சமைத்த பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டிய தேவை இருந்திருக்காது.

அளவை மூன்றால் வகுத்தால் கச்சிதமாக வருகிறது: பூசணி விழுது 315 மில்லி, கிரீம் 475 மில்லி, முட்டை மூன்று. ஒன்பது அங்குல ஆழமான தட்டு ஒன்றுக்குச் சரியான அளவு. அந்தக் காலத்து முட்டைகள் சிறியவை என்பதால் நடுத்தர முட்டையாக எடுத்துக்கொண்டேன். சர்க்கரை 100 கிராம், சுக்குத் தூள் ஒரு தேக்கரண்டி, ஜாதிபத்திரியும் ஜாதிக்காயும் கால் தேக்கரண்டி வீதம், இவை என் கணக்கு. பட்டையும் கிராம்பும் இந்தக் குறிப்பில் கிடையாது, கவனியுங்கள்.

இந்தப் பையின் உயிர் ‘வேகவைத்து வடித்த’ என்ற சொற்களில்தான் இருக்கிறது. ஹாலோவீனுக்குச் செதுக்கும் பெரிய பூசணி வேண்டாம். நாரும் நீரும்தான் மிஞ்சும். சிறிய சர்க்கரைப் பூசணியை வாங்கி, துண்டுகளாக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டேன். வடிந்த நீர் வெளிறிய மஞ்சளாக ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. அதன் பிறகும் விழுதை விரல்களுக்கிடையே தேய்த்தால் ஈரம் ஓடியது. சல்லடையில் தேய்த்து எடுத்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் கிளறினேன். ஆவி அடங்கி, நிறம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாக மாறி, கரண்டியை இழுத்தால் அடியில் தடம் மூடாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பச்சை வாசனை போய், வேகவைத்த சர்க்கரைவள்ளியின் மணம் எழும். தன்னைப்போல் ஒன்றரை மடங்கு கிரீமைத் தாங்க இந்த விழுதால்தான் முடியும். இதற்குக் குறைந்து நிறுத்தினால் ஒன்பது முட்டை போட்டாலும் பை இறுகாது.

மாவுப் போர்வைக்கு அவர் சொல்லும் மூன்றாம் எண் முறையை எடுத்துக்கொண்டேன்: மாவின் எடையில் முக்கால் பங்கு வெண்ணெய். 200 கிராம் மைதாவுக்கு 150 கிராம். ஒரு பகுதியை மாவோடு பிசிறிவிட்டு, மிச்சத்தைத் தேய்க்கும்போது மடிப்புக்குள் வைத்து மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும். கட்டம் வெட்ட ‘மாவுச் சக்கரம்’ ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டுச் சோமாசிக் கரண்டியின் பல்சக்கரமேதான். அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைக் கரண்டி தீபாவளிக்குப் பிறகு பெட்டிக்குள் போகாமல் தேங்க்ஸ்கிவிங் வரை நின்றது.

நூலில் இல்லாத இரண்டு காரியங்களைச் செய்தேன், காரணத்தோடுதான். அடிமாவை மட்டும் முதலில் பாதி சுட்டுக்கொண்டேன். இவ்வளவு தளர்ந்த கலவையைப் பச்சை மாவில் ஊற்றினால் அடி ஊறிப்போகும். மேல் பட்டைகளை இருபது நிமிடம் கழித்து, கலவை ஓரளவு தோல் கட்டிய பிறகே பரப்பினேன். முன்பே வைத்தால் மூழ்கிவிடும். 175 டிகிரி செல்சியஸில் மொத்தம் முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. ஓரம் இறுகி, நடுவில் கைப்பிடி அளவு மட்டும் ஆடும்போது அடுப்பை அணைத்துவிட்டேன். முழுக்க இறுகும் வரை விட்டால் முட்டை சுருங்கி, நீர் விட்டு, மேலே வெடிப்பு விழும்.

நிறம் கடைப் பையைப்போல் பழுப்பு இல்லை, வெளிர் தங்கம். வாயில் வைத்ததும் ஜாதிபத்திரி, பிறகு பூசணி, விழுங்கிய பின் தொண்டையில் சுக்கு. விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி முதல் துண்டை முடித்துவிட்டு, “பட்டை எங்கே?” என்று கேட்டார். நூலைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சில வரிகளை இரண்டு முறை படித்தார். பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே பழத்திலிருந்து வருபவை. அன்றைக்கு இவற்றின் பெரும் பிறப்பிடம் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பண்டா தீவுகள். டச்சுக்காரர்கள் கையிலிருந்த அந்தத் தீவுகளை ஆங்கிலேயர் பிடித்ததும் இதே 1796இல்தான். கனெக்டிகட் அடுப்பில் ஒரு சிட்டிகை விழுவதற்கு அந்தப் பொருள் எத்தனை கடல் கடந்திருக்க வேண்டும்!

லெஸ்டர், இங்கிலாந்து

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் என் கிறிஸ்துமஸ் அனுபவத்தை எழுதத் தோன்றியது. நான் செய்தது மின்ஸ் பை. 1861இல் வந்த பீட்டன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூலிலிருந்து. அதற்குள் வைக்கும் கலவைக்கு மின்ஸ்மீட் என்று பெயர். இன்று கடையில் விற்கும் மின்ஸ்மீட்டில் இறைச்சியே கிடையாது, உலர்பழங்கள்தான். அவருடைய நூலில் இரண்டு வகையும் உண்டு; நான் எடுத்தது மாட்டிறைச்சி சேர்த்தது. நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் வீட்டில் தடை ஏதுமில்லை.

அளவைக் காலாகக் குறைத்தேன்: கொழுப்பில்லாத மாட்டிறைச்சி 170 கிராம், மாட்டின் சிறுநீரகக் கொழுப்பு 340 கிராம், திராட்சை 225, கரண்ட் திராட்சை 340, சர்க்கரை 225, கூடவே ஆப்பிள், எலுமிச்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோல்கள், பிராந்தி. கொழுப்பைக் கசாப்புக் கடையில் கட்டியாகவே கேட்டு வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் மாவு தூவி மணிமணியாக வருவது இதற்குச் சரிவராது. குளிர்ந்த கட்டியை விரலால் உடைத்து, ஊடே இருக்கும் காகிதம் போன்ற சவ்வை உரித்தெடுக்க ஒரு மாலைப் பொழுது போனது. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, ஆனால் அலுக்கவில்லை.

ஜாடியில் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி இரண்டு வாரம் வைக்கச் சொல்கிறார். நான் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இறைச்சியை முன்பே வேகவைத்தும் விட்டேன், இன்றைய வீட்டில் அதுதான் பாதுகாப்பு. திறந்தபோது எழுந்தது பழமும் பிராந்தியும் கலந்த மணம் மட்டும்தான். சாப்பிட்டவர்கள் யாரும் இறைச்சி என்று கண்டுபிடிக்கவில்லை, ஏதோ ஓர் ஆழம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். சொல்லாமல் பரிமாறவில்லை, கவலை வேண்டாம். சாப்பிடாதவர்களுக்குத் தனித் தட்டு வைத்திருந்தேன்.

மதுரை

அம்மா, வணக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். நீங்கள் சொன்ன நூலின் இரண்டாவது பூசணிக் குறிப்பை இங்கே சிறிய மின்சார அடுப்பில் செய்து பார்த்தேன். அது எளியவர் குறிப்பு: பால் ஒரு குவார்ட், பூசணி ஒரு பைண்ட், முட்டை நான்கு, மொலாசஸ், ஆல்ஸ்பைஸ், இஞ்சி, ஒரு மணி நேரம் சுட வேண்டும். கிரீமும் வெள்ளைச் சர்க்கரையும் வாங்க முடியாத வீடுகளை நினைத்து எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அந்த மொலாசஸ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைத்த கரும்பாலைகளின் கழிவுப் பாகு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் சந்தையில் கிடைக்கும் மஞ்சள் பரங்கிக்காயே இதற்குப் போதும். இங்கே டப்பாப் பூசணிக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் டப்பாவில் அடைபடும் டிக்கின்சன் பூசணியும் நம் பரங்கியும் தாவரவியலில் ஒரே இனம், குக்குர்பிட்டா மோஸ்கேட்டா. மூலத்தில் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துக் கொடிதான். மொலாசஸுக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகாக்கிக்கொண்டேன். ஆல்ஸ்பைஸைக் கேரளத்தில் சர்வசுகந்தி என்று வளர்க்கிறார்கள். கோட்டயத்து மருமகள் கொண்டுவந்த உலர்ந்த காய்களை இடித்துப் போட்டேன்.

பாதி அளவுக்குப் பால் 475 மில்லி வருகிறது. அதை முக்கால் பங்காகச் சுண்டவைத்து, நன்றாக ஆறிய பிறகே கருப்பட்டிப் பாகைச் சேர்த்தேன். சூட்டில் சேர்த்தால் பால் திரிந்துவிடும் என்பது பாயசம் வைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு மணி நேரத்தில் அருமையாக இறுகியது. உங்கள் முதல் குறிப்பைவிட மென்மை குறைவாக இருக்கலாம். எனக்கு இந்தக் கறுத்த, லேசான கசப்போடு கூடிய இனிப்பு மிகவும் பிடித்திருந்தது. பேரப்பிள்ளைகள் கட்டத்து மாவை மட்டும் பிய்த்துத் தின்றார்கள்.

நியூஜெர்சி, அமெரிக்கா

அக்கா, எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மாமியாருக்கும் ஒரு துண்டு கொடுக்க ஆசை. முட்டை இல்லாமல் இந்தப் பை நிற்குமா?

கனெக்டிகட், அமெரிக்கா

தங்கைக்கு: நிற்கும். ஆனால் வழி வேறு. நான் சொன்ன அளவுக்குக் கால் கப் சோளமாவை (கார்ன் ஸ்டார்ச்) ஆறிய கிரீமில் கட்டியில்லாமல் கரைத்து, விழுது, சர்க்கரை, வாசனைப் பொருள்களோடு அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். கொதி வந்து கெட்டியானதும், முழுவதுமாகச் சுட்டெடுத்த அடிமாவில் ஊற்றி, பத்து நிமிடம் மட்டும் அடுப்பில் வையுங்கள். அதைச் சிம்மன்ஸின் பை என்று சொல்ல மாட்டேன். முட்டை தரும் வழவழப்பு வேறு. ஆனாலும் ஜாதிபத்திரியும் சுக்கும் அப்படியே பேசும். மாமியாருக்கு அந்த வாசனை நிச்சயம் பிடிக்கும்.

ஐயா, பாலைச் சுண்டவைக்கும் யோசனை மிகவும் நல்லது. இரண்டாம் குறிப்பில் எனக்கு இருந்த தயக்கமே அந்தப் பால் அளவுதான். கிறிஸ்துமஸுக்கு உங்கள் முறையிலேயே செய்யப்போகிறேன். இங்கே மொலாசஸ் கிடைக்கும் என்றாலும் கருப்பட்டியிலும் ஒன்று செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

லெஸ்டர் தங்கை, அந்தச் சவ்வை உரிப்பது பற்றி எழுதியதற்கு நன்றி. வேறெங்கும் அதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஒன்று: சுட்ட அன்றே வெட்டாதீர்கள். அறையில் ஆறவிட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரத்துணியில் துடைத்த கத்தியால் மறுநாள் வெட்டினால் துண்டு சிதையாமல் வரும். ஜாதிபத்திரியின் மணமும் அன்றுதான் முழுதாகத் தெரியும்.