ராஜபாளையம் குட்டி: கூப்பிட்டால் திரும்புவதில்லை, கடியும் நிற்கவில்லை

மதுரை மீனா:
இரண்டரை மாத ராஜபாளையம் பெட்டைக் குட்டி வாங்கியிருக்கிறோம். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு ரோஸ். பெயர் முல்லை. யு.கே.ஜி. படிக்கும் மகள் ஓடினால் போதும், பாவாடையைக் கவ்விக்கொண்டு விடாது. நேற்று கணுக்காலில் பல் பட்டுக் கீறி லேசாக ரத்தம் வந்துவிட்டது. மஞ்சள் வைத்தோம். தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் முல்லை திரும்பிப் பார்ப்பதில்லை. "திமிர், ரெண்டு போட்டால் சரியாகும்" என்கிறார் கணவர். பூஜை அறை வாசலில் மூத்திரம் போன நாளிலிருந்து மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. காலையில் பசும்பால், மதியம் தயிர்ச்சாதம் கொடுக்கிறோம். கழிச்சல் வேறு.

கோவை செந்தில்:
மேடம், குட்டியை விடுங்கள், முதலில் பாப்பாவைக் கவனியுங்கள். மஞ்சளைக் கழுவிவிட்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், அதனால் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். பசும்பாலை நிறுத்திப் பாருங்கள், பல குட்டிகளுக்கு அது செரிக்காது. வாந்தியோ ரத்தக் கழிச்சலோ இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

சாத்தூர்க்காரன்:
அம்மா மீனா, வீட்டுக்காரரிடம் கையை ஓங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குக் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் வேண்டும், அவை இல்லாவிட்டால் சத்தத்தை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். புள்ளி போட்ட டால்மேஷன் நாய்க்கும் இதே கதைதான். கூடப் பிறந்தவை ஓடினால் இதுவும் ஓடும், அதனால் விற்கிற இடத்தில் யாருக்கும் தெரியாது.

சோதிப்பது சுலபம். ஆனால் கை தட்டினால் காற்று படும், தட்டைப் போட்டால் தரை அதிரும், இரண்டும் நம்மை ஏமாற்றிவிடும். குட்டி நன்றாகத் தூங்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது மடல்கூட அசையாவிட்டால் சந்தேகப்படலாம். எழுந்து சத்தம் வராத பக்கமாகப் பார்த்தால் ஒரு காது மட்டும் கேட்கலாம்.

குட்டி கடிப்பதற்கும் காது கேட்காததற்கும் சம்பந்தம் இருக்கிறது. கடி அழுந்தினால் கூடப் பிறந்த குட்டி வீலென்று கத்தும், ஆட்டம் நின்றுபோகும். அப்படித்தான் குட்டிகள் பல்லை அடக்கப் பழகும். கேட்காத குட்டிக்கு இந்தப் பாடம் பாதிதான் போய்ச் சேரும். பல் பட்டதும் எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிலை மாதிரி நில்லுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பாப்பா ஓடவே கூடாது, வேட்டை நாயின் முன்னால் ஓடுகிற பாவாடை முயல்தான். கடிக்கக் கயிறு முடிச்சு ஒன்று கொடுங்கள். நாலு மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும்போது கடி இன்னும் கூடலாம், பயப்படாதீர்கள்.

மூத்திரத்துக்கு ஒரே வழிதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே மூலைக்குத் தூக்கிப் போங்கள். அங்கே மூத்திரம் போனதும் துளி முட்டை கொடுங்கள். பூஜை வாசலை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். பினாயில் வாசம் நம் மூக்கைத்தான் ஏமாற்றும்.

மதுரை மீனா:
பாப்பாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. பால் நிறுத்தியதும் கழிச்சல் கட்டுப்பட்டது. சாவி ஆட்டினோம் சார், அசையவே இல்லை. குக்கர் விசிலுக்கும் அப்படித்தான். கணவர் இப்போது அதைத் திட்டுவதில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிறார் மாமியார்.

சாத்தூர்க்காரன்:
கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கைச்சாடையிலேயே எல்லாம் பழக்கலாம், கட்டை விரலைத் தூக்கினால் சபாஷ், உள்ளங்கையைக் காட்டினால் நில். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சாடையைக் காட்ட வேண்டும், ஆளுக்கொன்றாகக் காட்டினால் குழம்பிவிடும். இரவில் கூப்பிட டார்ச்சை அணைத்து அணைத்துப் போடுங்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பினால் பதறிக் கடிக்கும். மூக்கருகே கையை நீட்டுங்கள், வாசம் பிடித்துத் தானே எழுந்துவிடும். இதைப் பாப்பாவுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். வெளியே போனால் எப்போதும் கயிறு இருக்கட்டும், வண்டி ஹாரன் அதற்குக் கேட்காது. இந்தக் குறை அடுத்த தலைமுறைக்கும் வரலாம், அதனால் இதிலிருந்து குட்டி மட்டும் எடுக்காதீர்கள்.