அறிவியலும் மாய ஆற்றலும் கலந்த சிறுவர் சாகசக் கதை: விளக்கம் எவ்வளவு தேவை?

கதைசொல்லி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு சாகசத் தொடர்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி, நினைத்த மாத்திரத்தில் எறும்பளவுக்குச் சுருங்கும் ஆற்றலைப் பெறுகிறாள் என்பதுதான் கரு. தொடக்க அத்தியாயங்களைப் படித்த நண்பர் ஒருவர், அந்த ஆற்றல் எப்படி வந்தது என்பதற்கு அறிவியல் காரணம் சொல்லாவிட்டால் இது வெறும் மந்திரக் கதையாகிவிடும் என்கிறார். இன்னொருவரோ, அணு, கதிர்வீச்சு என்று விளக்கப் புகுந்தால் பொய்யை அறிவியல் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்ததாகிவிடும் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இவ்வகைக் கதைகளில் அறிவியலுக்கு எந்த இடம், மாயத்துக்கு எந்த இடம் என்பதை, எழுதிப் பழகியவர்களும் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுபவர்களும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

உயிரியல் ஆசிரியர்:

ஆற்றல் எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வந்த பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் ஒரு சிறு பொய்யும் கூடாது என்பது என் கருத்து. ஒருவர் சுருங்குவது இயலாத காரியம். அந்த ஒன்றைப் பிள்ளைகள் மனமுவந்து ஏற்றுக்கொள்வார்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொன்றையும் இயற்பியலிடமும் உயிரியலிடமும் கேட்டுக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் சிறுமி 140 சென்டிமீட்டர் உயரமும் 35 கிலோ எடையும் உள்ளவள் என்று வைத்துக்கொள்வோம். உயரம் நூறில் ஒரு பங்காகி 1.4 சென்டிமீட்டர் ஆகும்போது, தோலின் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகவும் உடலின் கன அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகவும் குறையும். எடையும் அதே விகிதத்தில் குறைந்தால் அவள் வெறும் 35 மில்லிகிராம்தான் இருப்பாள். கதைக்கு வேண்டிய ஆபத்துகள் எல்லாம் இந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. மொட்டை மாடியிலிருந்து விழுந்தாலும் காற்றின் தடையே அவளை மெல்ல இறக்கிவிடும். ஆனால், குளித்துவிட்டு வரும் நம் உடலில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒட்டியிருக்கும் நீர், அவள் உடலில் ஒட்டினால் அவள் எடையைவிட அதிகமாகிவிடும் என்பதால், தரையில் சிந்திய ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவளுக்கு உயிராபத்துதான். உடல் வெப்பம் வெகு விரைவில் வெளியேறிவிடுமாதலால் ஓயாமல் தின்றுகொண்டிருக்கவும் வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவளுடைய குரல். குரல்நாண்கள் நூறில் ஒரு பங்காகக் குறுகிவிடுவதால், அவள் கத்தும் ஒலி 25,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். பூனையின் காதுக்கு அதற்கு மேலும் எட்டும். பக்கத்திலேயே நிற்கும் அம்மாவுக்குக் கேட்காத கூக்குரல் பூனையை மட்டும் வரவழைக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

உடலளவு பற்றிய இத்தகைய கணக்குகளை 1926-இல் ஒரு கட்டுரையாக எல்லாருக்கும் புரியும்படி எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவரே 1937-இல் லீக்கி என்னும் மந்திரவாதியைப் பற்றிப் பிள்ளைகளுக்காக ஒரு கதைநூலும் எழுதினார். அதில் ஓர் ஆக்டோபஸ் உணவு பரிமாறுகிறது, நெருப்பிலே ஒரு குட்டி டிராகன் குடியிருக்கிறது. மரபியலின் முன்னோடிகளில் ஒருவரும், பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவருமான அந்த அறிஞர், லீக்கியின் மந்திரத்துக்கு அறிவியல் முலாம் பூச வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை உங்கள் முதல் நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள்.

காமிக்ஸ் வாசகர்:

ஆசிரியரின் கணக்குகள் மிக அருமை. ஆயினும், ஆற்றல் வந்த வழியை அறவே விட்டுவிடலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவியை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர் அது. விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறார். இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. அறிவியல்படி இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் அந்த விளக்கம் ஆற்றலுக்கு ஒரு வாசலையும் ஓர் எல்லையையும் வகுத்துக் கொடுத்தது. மின்சாரம் கிடைக்காத இடத்தில் மாயாவி நம்மைப் போன்ற மனிதர்தான்; மறைந்திருக்கும் நேரத்திலும் அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் எங்கள் கண்கள் முதலில் தேடியது அந்தக் கையைத்தான்.

ஒரு சிறு பொய்யும் கூடாது என்ற நிபந்தனையும் சற்றுக் கடுமையானது. உருவம் மறைய வேண்டுமானால் ஒளி உடலின் ஊடே போக வேண்டும்; விழித்திரையும் ஒளியை உள்வாங்காமல் அப்படியே விட்டுவிட்டால் அந்த மனிதனுக்குக் கண்ணே தெரியாது. 1897-இல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ (The Invisible Man) என்னும் புகழ்பெற்ற நாவல் முதல் மாயாவி வரை எல்லாக் கதைகளையும் இந்தக் குறை தொடர்கிறது. அதற்காக அவற்றை நாம் ஒதுக்கிவிடவில்லை.

நூலகப் பணியாளர்:

குழந்தைகள் பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆற்றலுக்கு வாசல் வையுங்கள்; ஆனால் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்காதீர்கள். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். ஷாக் அடித்தால் சக்தி வரும் என்ற கதையை ஏழு வயதுத் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். மாத்திரை, ஆய்வுக்கூடத்து அமிலம், பாம்புக்கடி ஆகியவையும் அப்படித்தான். மந்திரத்தைப் பிள்ளைகள் நம்பிவிடுவார்களோ என்று நான் அஞ்சுவதில்லை, செய்து பார்த்துவிடுவார்களோ என்றுதான் அஞ்சுகிறேன்.

இன்னொன்று. நம் மரபில் மாய ஆற்றல்களுக்கும் கறாரான வரையறைகள் உண்டு. அட்டமா சித்திகளில் உருவம் சிறுப்பது அணிமா, எடை குறைவது லகிமா என இரண்டும் தனித்தனியாகவே வைக்கப்பட்டுள்ளன. அப்படியானால் அணிமா மட்டும் கைவந்த சிறுமி எறும்பளவு ஆன பின்னும் 35 கிலோ எடையோடுதான் இருப்பாள்; அவள் நிற்கும் இடத்தில் தரை என்ன ஆகும் என்பதை ஆசிரியர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சுருங்க ஒரு பயிற்சி, எடை குறைய வேறொரு பயிற்சி என்று இரண்டு கட்டமாக வைத்தால், முதல் பாதியில் ஒரு நல்ல சிக்கல் கிடைக்கும்.

கதைசொல்லி:

அனைவருக்கும் நன்றி. சித்திகள் இரண்டையும் பிரித்து வைக்கும் யோசனையையும், காதுக்கு எட்டாத குரலையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பேச முடியாத நிலையில் அவள் தன் அண்ணனுக்கு எப்படிச் செய்தி சொல்வாள் என்பது இப்போது பெரிய சிக்கலாகிவிட்டது. மையைத் தொட்டு எழுதலாம் என்றால், ஈரம் ஆபத்து என்றல்லவா சொல்கிறீர்கள்?

உயிரியல் ஆசிரியர்:

தரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 35 கிலோவும் அவளுடைய சுருங்கிய பாதங்களின் அளவு இடத்தில் இறங்கினால் அங்கே அழுத்தம் பத்தாயிரம் மடங்காகும். சிமென்ட் தரையே நொறுங்கும். ஆகவே இரண்டாம் பயிற்சி முடியும்வரை அவளை வீட்டுக்குள் சுருங்க விடாதீர்கள்.

செய்திக்கு, மையை விட்டுவிட்டு வாசலில் இருக்கும் கோலமாவைப் பயன்படுத்துங்கள். தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால், சுருங்கிய நிலையில் தன் எடையோடு ஒப்பிட்டால் அவள் நூறு மடங்கு வலிமை உடையவள். மாவைக் கைநிறைய அள்ளிக்கொண்டு போய் ஓர் எழுத்தை இட்டு முடிக்க அவளால் முடியும். அரிசிமாவாக இருந்தால் அதைத் தேடி எறும்புகள் வரிசையாக வந்துவிடும் என்பதையும், அண்ணன் வந்து பார்ப்பதற்குள் எழுத்தில் பாதியை அவை தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.