பிடிஓ வீட்டில் எந்தப் புளோக், எந்த ஸ்டாக், எந்த மாடி? சிங்கப்பூரில் குடியிருப்பவர்களின் அனுபவங்கள்

உட்லண்ட்ஸ், முதல் வீடு

பிடிஓ (விண்ணப்பங்களைப் பெற்ற பிறகு அரசு கட்டித் தரும் புது வீடு) குலுக்கலில் எங்களுக்கு வரிசை எண் கிடைத்துவிட்டது. தோ பாயோவில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மையத்துக்கு அடுத்த மாதம் வீடு தேர்ந்தெடுக்கப் போகிறோம். நாலறை வீடு. பேட்டை முடிவாகிவிட்டது, இனிப் புளோக்கும் ஸ்டாக்கும் (ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த வீடுகளின் வரிசை) மாடியும்தான் பாக்கி. எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருப்பதால் பிடித்த நாலைந்து வீடுகளை மட்டும் குறித்துக்கொண்டு போக முடியாது. மாடி ஏற ஏற விலை ஏறுவது புரிகிறது. ஆனால் ஒரே புளோக்கில், ஒரே மாடியில் எந்தப் பக்கம் நல்லது என்று வரைபடத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கட்டிடம் இன்னும் எழும்பவே இல்லை, நேரில் போய்ப் பார்க்க அங்கே மண்மேடுதான் இருக்கிறது.

புக்கிட் பாத்தோக்

தங்கச்சி, வரைபடத்தில் வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறியை முதலில் தேடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நாங்கள் முன்பு இருந்த வீட்டில் ஹாலும் பெரிய படுக்கையறையும் மேற்கே பார்த்தவை. இப்போது இருக்கும் வீடு வடக்கு தெற்காக அமைந்தது. இரண்டுமே புக்கிட் பாத்தோக்தான், மாடியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வாழ்க்கையே வேறு.

நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் ஊர் இது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும், மீதி மாதங்களில் தெற்குப் பக்கமாக. அதனால் வடக்கு, தெற்கு பார்த்த சன்னல்களுக்கு ஆளுக்குப் பாதி ஆண்டு சாய்வான வெயில், அவ்வளவுதான். மேற்குச் சன்னலுக்கு ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. மதியம் மூன்று மணிக்கு விழ ஆரம்பிக்கும் வெயில் அதுவரை நகராது. கான்கிரீட் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரிதான் திருப்பிக் கொடுக்கும். பத்து மணிக்குக் கையை வைத்தால் சுவர் வெதுவெதுவென்று இருக்கும். பிள்ளையைத் தூங்க வைக்க அந்த அறையில் முடியாது, எல்லாரும் ஹாலில் பாய் போட்டுப் படுப்போம். ஹாலும் மேற்குதான், ஆனாலும் அங்கே மின்விசிறி பெரியது.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குக் காற்று, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. வடக்கு தெற்காகச் சன்னல்கள் இருந்தால் இரண்டு பருவத்திலும் வீட்டுக்குள்ளே ஏதாவது ஓட்டம் இருக்கும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை மேற்கிலிருந்துதான் அடிக்கும். சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மேற்குப் பக்கத்தில் பக்கத்துப் புளோக் உயரமாக நெருங்கி நின்றால் நிழல் கிடைக்கும். ஆனால் அவர்கள் சமையல் செய்வது உங்களுக்கும், நீங்கள் சாப்பிடுவது அவர்களுக்கும் தெரியும். திரைச்சீலையை மூடியே வைத்திருக்க வேண்டிய வீட்டைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

புக்கிட் பாஞ்சாங்

அண்ணன் வெயிலைச் சொன்னார், நான் சத்தத்தைச் சொல்கிறேன். எங்கள் பேட்டையில் எல்ஆர்டி, அதாவது இலகு ரயில், 1999இல் வந்தது. பாதை சில இடங்களில் புளோக்குகளுக்கு அவ்வளவு பக்கத்தில் போகும், அந்த இடம் வந்ததும் ரயிலின் சன்னல் கண்ணாடி தானாகவே பனி படிந்த மாதிரி மங்கிவிடும். வெளியூர் உறவினர்கள் வந்தால் அதைக் காட்டவே கூட்டிப் போவேன். வீட்டுக்குள்ளே யாரும் பார்த்துவிடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் காதுக்கு அப்படி ஒரு கண்ணாடி கிடையாது.

ரயில் சத்தம் பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகியது. சீரான சத்தம் எதுவும் பழகிவிடும். பழகாதது எது தெரியுமா? கூடைப்பந்துத் திடல். பந்து எப்போது விழும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு புளோக்குக்கு நடுவில் திடல் இருந்தால் சத்தம் இரண்டு சுவரிலும் மோதி மேலே ஏறும், பத்தாவது மாடியில் இருப்பவருக்கும் பக்கத்தில் விளையாடுவது போலவே கேட்கும். வரைபடத்தில் திடல், விளையாட்டு மைதானம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், கோப்பிக்கடை, குப்பை சேகரிக்கும் இடம், லாரி வந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். பல மாடி கார் நிறுத்துமிடத்துக்கு எதிரே தாழ்வான மாடி எடுத்தால் ராத்திரியில் கார் விளக்கு அறைக்குள் சுற்றி வரும். அதன் கூரைக்கு மேலே இருக்கும் மாடி என்றால் கூரையில் போட்டிருக்கும் தோட்டம் தெரியும், அதுவும் எதிர்ப் புளோக் தள்ளிப் போயிருக்கும். அந்த மாதிரி வீடுகளைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இன்னொன்று. பக்கத்தில் புல்வெளி என்று நம்பி எடுக்காதீர்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்தக் காலி மனை எதற்கு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்று அதில் இருக்கும். இந்த ஊரில் காலி மனை காலியாகவே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

அங் மோ கியோ

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நீங்கள் எல்லாரும் சன்னலுக்கு வெளியே பார்க்கிறீர்கள். நான் வாசல் கதவுக்கு வெளியே பார்க்கச் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது நீளமான தாழ்வாரம் உள்ள பழைய புளோக்கில். ஒரு மாடியில் வரிசையாக வீடுகள், எல்லாருடைய வாசலைத் தாண்டித்தான் நம் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போதெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கும் மாடியில் இறங்கி, மிச்சத்துக்குப் படியேறுவோம். 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் படிப்படியாகத் தீர்ந்தது. அதற்கு முன் அரிசி மூட்டையோடு அம்மா ஏறியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு வலிக்கும். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) பார்த்தால் உடனே மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்வார். தாழ்வாரத்தில் கதவு திறந்தே இருந்ததால்தான் அவர் பார்த்தார்.

தீபாவளிக்கு முறுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும், நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து லொந்தோங் என்ற அரிசிப் பலகாரம் வரும், சீனப் புத்தாண்டுக்குக் கடைசி வீட்டுத் தாத்தா ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். வாசலில் கோலம் போட்டால் சைக்கிளை அதன்மேல் ஏற்றாமல் தள்ளிக்கொண்டு போவார்கள் பிள்ளைகள். இப்போதைய புது புளோக்குகளில் மின்தூக்கிக்கு முன்னால் சில வீடுகள்தான். தனிமை அதிகம், நிம்மதி என்றும் சொல்லலாம். ஆனால் கதவைப் பூட்டிவிட்டால் பக்கத்தில் யார் என்றே தெரியாது.

அதனால் உங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மாடியில் எத்தனை வீடுகள், உங்கள் வாசல் எந்த வாசலுக்கு நேர் எதிரே, குப்பைக் குழாய் எங்கே என்று பாருங்கள். 1989க்குப் பிறகு கட்டிய புளோக்குகளில் குப்பைக் குழாய் வீட்டுக்குள்ளே கிடையாது, மாடிக்குப் பொதுவாக வெளியே இருக்கும். அதை ஒட்டிய வீடு வேண்டாம் என்று நான் நினைக்கிறேன், மூடி மூடித் திறக்கும் சத்தமும் வாடையும் வரும். மின்தூக்கியை ஒட்டிய வீட்டை எல்லாரும் தவிர்க்கிறார்கள். நான் தவிர்க்க மாட்டேன். போகிற வருகிற நாலு முகம் தெரியும். ஓரத்து வீட்டில் யாரும் நம் வாசலைத் தாண்டிப் போக மாட்டார்கள், சிலருக்கு அது பிடிக்கும். செடித்தொட்டி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தீப் பாதுகாப்புக்காகத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.

செங்காங், தஞ்சாவூரிலிருந்து வந்த நிரந்தரவாசி

எங்களுக்கு பிடிஓ வாங்க வழியில்லை. கணவன் மனைவி இருவருமே நிரந்தரவாசிகள் என்பதால் மூன்று ஆண்டு காத்திருந்து மறுவிற்பனை வீடுதான் வாங்கினோம். வெயில், சத்தம் எல்லாவற்றுக்கும் முன்னால் நாங்கள் பார்த்தது இன விகிதம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. இந்தியர், மற்ற இனத்தவர் பிரிவுக்கு இப்போது ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்று உச்சவரம்பு. எங்களைப் போன்ற மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு அதோடு தனியாக இன்னொரு வரம்பும் உண்டு, வட்டாரத்தில் 5, புளோக்கில் 8. மாதத் தொடக்கத்தில் கணக்கு மாறும். மனசுக்குப் பிடித்த வீடு ஒன்று அகப்பட்டது, எதிரே பூங்கா, தெற்கு பார்த்த ஹால். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிரந்தரவாசிகளுக்கு இடம் முடிந்துவிட்டது. பக்கத்துப் புளோக்கில் இருந்தது. அங்கேதான் இப்போது குடியிருக்கிறோம்.

இதில் வாங்குபவர் மட்டும் இல்லை, விற்பவரும் யோசிக்க வேண்டும். சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டைச் சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாது, அதனால் வாங்க வருபவர்கள் குறைவு. உண்மையாகவே சிரமப்படுபவர்களின் வீட்டை வீவக திரும்ப வாங்கிக்கொள்ள 2022 மார்ச்சில் வழி செய்தார்கள். கலந்து வாழ வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. என் மகளின் தோழிகளைப் பார்த்தால் அது புரியும். ஆனாலும் புளோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பதே நல்லது. பிடிஓவிலும் இது உண்டு, தங்கச்சி. உங்கள் முறை வரும்போது வீடு காலியாக இருக்கும், உங்கள் இனத்துக்கான இடம் அந்தப் புளோக்கில் முடிந்திருக்கும். மீதி எவ்வளவு என்று புளோக்வாரியாகக் காட்டுவார்கள், அதையும் கவனியுங்கள்.

ஈசூன்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நாங்கள் வீடு மாறினோம், அதனால் என் பட்டியல் வேறு. புளோக்கில் எத்தனை மின்தூக்கி? ஒன்று பராமரிப்பில் இருக்கும் நாளில் இன்னொன்று எங்கள் மாடிக்கு வருமா? கீழே இறங்கினால் பேருந்து நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, நடுவில் படி இருக்கிறதா? சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூன்று படி என்றாலும் மலைதான். அப்பா மருத்துவரிடம் போகும் நாள்களில் மழை பெய்தாலும் நனையாமல் போய் வருகிறோம் என்பதே எனக்கு இந்த வீட்டின் பெரிய அருமை.

நாங்கள் தாழ்வான மாடிதான் எடுத்தோம். மரத்தின் உச்சி சன்னலுக்கு நேரே இருக்கிறது. விடியுமுன் குயில் கத்த ஆரம்பித்துவிடும். அக்கம்பக்கத்தில் பலருக்கு அது தொல்லை, நகர மன்றத்துக்குப் புகார் கூடப் போகும். அப்பா அதைக் கேட்பதற்காகவே படுக்கையைச் சன்னலோரம் போடச் சொன்னார். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே காணிக்கைத் தாள் எரிக்கும் தொட்டிகளிலிருந்து புகை வரும். சில நாள்தானே, சன்னலைச் சாத்திக்கொள்வோம். கீழ்த்தளத்தில் திருமணமும் நடக்கும், இறுதிச் சடங்கும் நடக்கும். தாழ்ந்த மாடி எடுப்பவர்கள் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு வர வேண்டும்.

தெம்பனிஸ், அண்மையில் தேர்ந்தெடுத்தவர்

உட்லண்ட்ஸ் அக்காவுக்கு: நாள் நெருங்கும்போது எந்த வீடெல்லாம் போய்விட்டது என்று இணையத்தளத்தில் அடிக்கடி பாருங்கள். நாங்கள் ஸ்டாக்குகளைத்தான் வரிசைப்படுத்தினோம், மாடிகளை அல்ல. ஒரு ஸ்டாக்கில் மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டுக்கும் கடைசி எண் ஒன்றே, திசையும் ஒன்றே. முதல் ஸ்டாக்கில் எந்த மாடி வரை இறங்கலாம், அதற்கும் கீழே போனால் இரண்டாவது ஸ்டாக்குக்குத் தாவலாமா என்று வீட்டிலேயே கணவரும் நானும் பேசி முடித்துவிட்டோம். அங்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் குறைவு. மாமியாருக்கு மேல் மாடி வேண்டும், எனக்கு வடக்கு தெற்கு வேண்டும். கடைசியில் நடுமாடி, தெற்கு பார்த்த ஹால்.

நாலறை வீட்டுக்கு 2,000 வெள்ளி முன்பதிவுத் தொகை அன்றே கட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்று எடுக்காமல் எழுந்து வருவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, வாய்ப்பிருந்தும் வீடு எடுக்காத முதல்முறை விண்ணப்பதாரர்களை ஓராண்டுக்கு இரண்டாம்முறை விண்ணப்பதாரர்களாகவே கருதுகிறார்கள். உங்கள் முறையில் 10 அல்லது அதற்கும் குறைவான வீடுகளே மிஞ்சியிருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சரி, ஸ்டாக் எண்களைத் தனி அஞ்சலில் அனுப்புங்கள், என்னிடம் இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.