பாம்ப்லோனா காளை ஓட்டம்: விழுந்தால் எழுந்திருக்காதீர்கள்

ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் ஜூலையில் நடக்கும் சான் ஃபெர்மின் திருவிழாவுக்குப் போகிறவர்கள், தெருவில் அவிழ்த்துவிடும் காளைகளுக்கு முன்னால் ஓடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இரண்டு நாள் காலையில் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் ஓடினேன். நீங்களும் முதலில் பாருங்கள். 7 முதல் 14ஆம் தேதி வரை தினமும் காலை 8 மணிக்கு ஓட்டம் உண்டு. மரத்தடுப்பு இரண்டு வரிசை; பார்க்க வந்தவர்களுக்கு வெளி வரிசைதான். ஆறு மணிக்கே போய் இடம் பிடிக்க வேண்டும்.

ஓடுவதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். குடித்திருந்தாலோ, கையில் கேமராவோ முதுகில் பையோ இருந்தாலோ போலீஸ் வெளியே அனுப்பிவிடும். சாந்தோ டொமிங்கோ சரிவில் சுவர் மாடத்தில் புனித ஃபெர்மினின் சின்னச் சிலை இருக்கிறது. எட்டு மணிக்கு முன் மூன்று முறை, சுருட்டிய செய்தித்தாளை உயர்த்திப் பாடி அவரிடம் காவல் கேட்கிறார்கள். மூன்றாம் முறை பாடும்போது என் பக்கத்தில் நின்ற பெரியவர் கையில் அந்தத் தாள் நடுங்கியது. வருஷா வருஷம் ஓடுகிறவராம்.

முதல் வாணம், காளைத் தொழுவத்தின் கதவு திறந்ததற்கு. இரண்டாவது, எல்லாக் காளைகளும் தெருவுக்கு வந்துவிட்டதற்கு. இரண்டுக்கும் நடுவே நேரம் இழுத்தால் காளைகள் பிரிந்து வருகின்றன என்று அர்த்தம், ஓரம் கட்டிவிடுங்கள். தூரம் சுமார் 850 மீட்டர், பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழுக்க ஓட யாராலும் முடியாது. ஐம்பது மீட்டர் போதும். எஸ்தாஃபேதா தெரு திரும்பும் முனையில், வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். காளைகள் சறுக்கி அங்கேதான் மோதும்.

நான் அந்தத் தெருவில்தான் விழுந்தேன், யாரோ கால் இடறி. தலையைக் கையால் மூடிக் குப்புறக் கிடந்தேன். கூட ஓடும் எருதுகளின் மணிச் சத்தம் காதுக்குள் வந்து கடந்தது. உடனே எழத் தோன்றியது. ஒரு கை முதுகை அழுத்திப் பிடித்தது. பின்னால் இன்னொரு காளை வந்தது. அது போனபிறகுதான் அந்தக் கை தோளைத் தட்டியது. 1995இல் ஓர் அமெரிக்க இளைஞர் விழுந்து எழுந்ததும் முட்டுப்பட்டு இறந்தார்.

*

மேலே எழுதிய அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மதுரைக்காரன், ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த நமக்குக் காளையைக் கண்டதும் கை பரபரக்கும். அங்கே தொடவே கூடாது. தொட்டால் காளை திரும்பும், கூட்டத்தைவிட்டுப் பிரியும். 2009இல் ஒருவர் உயிரைக் குடித்தது தனியாகிப்போன ஒரு காளைதான்.

பெரியவர்களோடு போனால் எஸ்தாஃபேதாவில் பால்கனி வாடகைக்குக் கிடைக்கும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிவப்புக் கழுத்துத் துணியை 6ஆம் தேதி மதியம் 12 மணிக்குத் திருவிழாவைத் தொடங்கிவைக்கும் வாணத்துக்கு முன் கட்டாதீர்கள்.

இன்னொன்று தெரிந்துகொண்டு போங்கள்: காலையில் ஓடும் ஆறு காளைகளையும் மாலையில் அரங்கில் கொல்கிறார்கள். அந்த டிக்கெட் வாங்க எனக்கு மனசே வரவில்லை. பழைய கோட்டைச் சுவர் ஓரமாக இருட்டும்வரை நடந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.