கல்லமேட்டு எலும்புகள் எங்கே போயின?

கேள்வி: அம்மாபேட்டை ஆசிரியர்

வணக்கம். சேலத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். உலகிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடிய டைனோசர் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்தது என்று வகுப்பில் சொன்னபோது, அந்த எலும்பை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு மாணவி கேட்டாள். எலும்புகள் இப்போது இல்லை என்பதை அறிவேன். எப்படி இல்லாமற்போயின என்பதை என்னால் விளக்க இயலவில்லை. ஏற்காட்டில் தோண்டினால் இன்னொன்று கிடைக்காதா என்றான் மற்றொரு மாணவன். எலும்பே மிஞ்சாத விலங்கின் எடையை எதைக் கொண்டு கணிக்கிறார்கள் என்பது என் சொந்த ஐயம்.

மறுமொழி: ஏற்காட்டு வாசகர்

இரண்டாவது மாணவனுக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எலும்பு புதைந்து கல்லாவதற்கு ஆறோ கடலோ கொண்டுவந்து சேர்க்கும் வண்டலும் மணலும் வேண்டும். அரியலூரில் அது உண்டு. ஏற்காட்டிலும் கஞ்சமலையிலும் இல்லை.

மறுமொழி: ஆத்தூரிலிருந்து, நிலவியல் பயின்றவன்

வணக்கம் ஐயா. அந்த விலங்கின் பெயர் புருஹத்காயோசாரஸ் மேட்லேயி. பிருகத் என்றால் பெரியது, காயம் என்றால் உடல். கங்கைகொண்ட சோழபுரத்துப் பிரகதீஸ்வரர் பெயரில் இருக்கும் அதே சொல், அதே மாவட்டத்தில் கிடைத்த விலங்குக்கும் அமைந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் இதை விவரித்தார்கள். இடுப்பெலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவையே கிடைத்தன. முதலில் இதை ஊனுண்ணி என்று கருதினார்கள்; 1995-இல் சங்கர் சாட்டர்ஜி இது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியான டைட்டனோசர் வகை என்று திருத்தினார்.

எலும்புகள் திருடு போகவில்லை, யாரும் வேண்டுமென்று அழிக்கவும் இல்லை. கல்லமேட்டுப் படிவுகள் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண்ணும் மணலும் கலந்தவை. அவற்றிலுள்ள எலும்பு கல்லாகியும் கெட்டிப்படாமல், கையில் எடுத்தாலே பொடியும் நிலையில் இருப்பது. அத்தகைய எலும்பைப் பிளாஸ்டர் உறை போட்டுத்தான் மண்ணோடு பெயர்ப்பார்கள். இங்கே அந்த உறைக்குள்ளேயே, ஆய்வு மையத்தை அடையும் முன்பே, எலும்பு உதிரத் தொடங்கிவிட்டது. மூல எலும்புகள் எதுவும் எஞ்சவில்லை என்பது 2017-இல்தான் அச்சில் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் இந்த விலங்கைப் பற்றி வாதிட்டவர்கள், இல்லாத எலும்பைப் பற்றியே வாதிட்டிருக்கிறார்கள் என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

எடை மதிப்பீட்டுக்கு அடிப்படை அன்று எடுத்த அளவுகளே. கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர். மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜென்டினோசாரஸின் அதே பகுதி எலும்பு 1.55 மீட்டர். 2023-இல் வெளியான கணிப்பு ஒன்று 110 முதல் 170 டன் வரை சொல்கிறது. இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகக் கூடுவது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலே எடையில் மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும்.

மறுமொழி: குரங்குச்சாவடி வாசகி

மேலே சொன்னவற்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். அது எலும்பே அல்ல, கல்மரத் துண்டு என்ற ஐயமும் நெடுநாள் இருந்தது. அண்டை மாவட்டமான பெரம்பலூரில், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் வீண் என்று தோன்றாது. 2022-இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் அதுவரை அச்சேறாத களப் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே அது பெரிதும் தணிந்தது. அந்தப் படங்களை முன்பே வெளியிட்டிருந்தால் எத்தனை வாதங்கள் மிச்சமாகியிருக்கும்!

இந்தக் கதி நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்து, தொல்லுயிர் ஆய்வாளர் எட்வர்ட் கோப் 1878-இல் விவரித்த டைனோசர் முள்ளெலும்பு, உடைந்த நிலையிலேயே 1.5 மீட்டர் உயரம். அதுவும் காணாமற்போனது, ஒரே ஒரு வரைபடம்தான் மிச்சம். அதுவும் நொறுங்கும் மண்பாறையிலிருந்து வந்ததே.

மறுமொழி: அம்மாபேட்டை ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. நாளை வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் 1.55 மீட்டருக்கு ஒரு கோடும், பக்கத்திலேயே 2 மீட்டருக்கு ஒரு கோடும் போட்டு, அந்த மாணவியை இரண்டுக்கும் நடுவே நிற்கச் சொல்லப் போகிறேன். 2022-இல் வெளியான படங்களை அச்செடுத்துக் கொண்டுபோகவும் எண்ணம்.