குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பையனுக்குத் தை மாதம் 18 வயது முடிகிறது. என்ன சொல்லிக்கொடுப்பது?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் கணக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே ஒரு பையன் ஏழாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறான். எட்டு வயதிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் இறந்துபோய்விட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு சித்தப்பா உண்டு, அவர் கடைசியாக வந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது ஐடிஐயில் ஃபிட்டர், இரண்டாம் வருடம். தை மாதம் 18 முடிகிறது. அதோடு இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். படிப்பு முடிய அதற்கப்புறமும் சில மாதங்கள் இருக்கின்றன.

போன வாரம் கடைக்கு வந்திருந்தான். நூறு ரூபாய் கொடுத்து இரண்டு டீ வாங்கி வரச் சொன்னேன். மீதியைக் கைக்குள் மூடியபடியே கொண்டுவந்து கொடுத்தான். "எண்ணிப் பார்த்தியா?" என்றேன். "எண்ணணுமாக்கா?" என்றான். வட்டிக் கணக்கை மனதாலேயே போடுகிற பையன். கடையில் மீதி வாங்கிப் பழக்கமே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்: சமையல், வங்கி, வாடகை வீடு, ஆதார், காய்ச்சல் வந்தால் எங்கே போவது. இன்னும் என்ன விட்டுப்போகிறது? இப்படி வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வயர்மேன் எழுதியது:

அக்கா, நானும் இல்லத்தில் வளர்ந்தவன்தான். வயது 31, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஏசி சர்வீஸ் வேலை. உங்கள் நோட்டில் இருப்பதையெல்லாம் எனக்கும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்து, ஒரு ஃபைலில் சான்றிதழ்களை வைத்துக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் எண்பது பேருக்கு. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாது. முதல் நாள் வடித்த சோற்றை மூன்று நாள் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். அப்புறம் தினமும் ராத்திரி பரோட்டாதான். முதல் சம்பளம் 6,500 ரூபாய். பதினோராம் தேதி கையில் 140 மிச்சம். பசிகூடப் பெரிதில்லை அக்கா, யாரிடம் கேட்பது என்று தெரியாததுதான் பெரிது. இல்லத்துக்குப் போன் பண்ணினேன். வார்டன் மாறியிருந்தார், என்னை அவருக்குத் தெரியவில்லை.

யாரும் சொல்லித் தராத ஒன்று ராத்திரி. பத்து வருடம் நாற்பது பேரோடு ஒரே ஹாலில் படுத்தவன் நான். தனி அறையில் தூக்கமே வராது. எழுந்து மறைமலை அடிகள் சாலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். நான் எந்த ஊருக்கும் போகவில்லை, சுற்றிலும் ஆள் சத்தம் கேட்டால் போதும். போலீஸ்காரர் ஒருவர் இரண்டு தடவை விசாரித்தார். அதனால் அவனை முதல் வருடம் தனி அறையில் விடாதீர்கள். கூட இரண்டு பேராவது இருக்கட்டும்.

இப்போதே அவன் கையில் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுங்கள். சோப்பு, ரீசார்ஜ், பஸ், டீ எல்லாம் அதிலிருந்துதான் என்று சொல்லிவிடுங்கள். பாதி மாதத்தில் தீர்ந்தால் தீரட்டும், மறுபடி கொடுக்காதீர்கள். சாப்பாடு மட்டும் உங்கள் வீட்டில் போடுங்கள். வீட்டில் வளர்கிற பிள்ளை பத்து வயதிலிருந்தே பணத்தைத் தொலைத்துத் திட்டு வாங்கிப் பழகிவிடுகிறான். நாங்கள் முதல் தடவை தொலைப்பதே வாடகைப் பணத்தைத்தான்.

இன்னொன்று. "கஷ்டம்னா போன் பண்ணு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள், பண்ண மாட்டான். எங்கள் இல்லத்தில் ஏதாவது தப்பாகிப்போச்சு என்று போய்ச் சொன்னால் தண்டனைதான் கிடைக்கும். வாயை மூடிக்கொள்ளப் பழகியவன் அவனும். நீங்கள்தான் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்தாதீர்கள். கணக்குப் பாடம் முடிந்துபோனாலும் சோறு சாப்பிட வரட்டும்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று வேண்டாம்.

பேனாமை எழுதியது:

விழுப்புரம் பக்கம் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் பல வருடம் இருந்தேன். வயர்மேன் சொன்னதற்கு மேல் காகித வேலையை மட்டும் சொல்கிறேன்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, 46ஆவது பிரிவு: 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்குப் பண உதவி "வழங்கலாம்" என்கிறது. "வழங்க வேண்டும்" என்று இல்லை. அதனால் சும்மா இருந்தால் வராது, கேட்க வேண்டும். அலுவலகத்தில் ஆஃப்டர்கேர் என்பார்கள், தமிழில் பிற்காப்பு. 21 வயது வரை உண்டு. 2016 மாதிரி விதிகளின்படி தனிப்பட்ட காரணம் இருந்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, ஆலோசகர் எல்லாம் அதே விதிகளில் இருக்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் 2022 வழிகாட்டுதலில் பிற்காப்புக்கு ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய். உங்கள் பையனுக்குப் படிப்பு இன்னும் முடியவில்லை, இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. தை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கடலூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். புதுச்சேரியில் வேலை கிடைக்கும் என்று எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டிப் போனாலும் மனு இங்கேதான். அது வேறு அரசு.

வங்கிக் கணக்கு மைனர் கணக்காக இருக்கும். 18 ஆனதும் புதுக் கையெழுத்து, படம், ஆதார் கொடுத்து மாற்றாவிட்டால் பணம் எடுக்க முடியாமல் போகலாம். ஆதாரில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு இல்லத்தின் எண்தான் இருக்கும், ஓடிபி அங்கே போகும். சாதிச் சான்று இல்லையென்றால் இதையும் விசாரியுங்கள்: பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவில்லாமல், அரசு அங்கீகரித்த இல்லத்தில் வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

ஐடிஐ முடிந்ததும் நெய்வேலி என்.எல்.சி. அப்ரண்டிஸ் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

மாடிவீடு எழுதியது:

கூத்தப்பாக்கத்தில் மாடி அறையை வாடகைக்கு விடுகிறேன். போன வருடம் ஒரு பையன் தனியாக வந்து கேட்டான். சொந்த ஊர், அப்பா என்ன வேலை என்று கேட்டேன். முதலில் ஒன்று சொன்னான், பிறகு வேறு சொன்னான். சந்தேகப்பட்டு இல்லை என்று அனுப்பிவிட்டேன். இதைப் படித்த பிறகு அவன் முகம் நினைவுக்கு வருகிறது. இல்லத்துப் பையனாக இருந்திருக்கலாம். கேட்டது தப்பு என்று படுகிறது.

வீடு பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள் அம்மா. எங்களுக்கு வேண்டியது காய்ச்சல் என்று படுத்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். அப்பா கதையை அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

கெடிலக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. மனு கொடுத்தாகிவிட்டது, முத்திரை வாங்கிவிட்டேன். ஆதாரில் பழைய வார்டனின் எண்தான் இருந்தது. அவனையே வரிசையில் நிற்கவிட்டு மாற்றச் சொன்னேன், நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

வயர்மேன் தம்பி, ஒன்றாம் தேதி 1,500 கொடுத்தேன். எட்டாம் தேதி 210 இருந்தது. சின்னப் பையன்களுக்குக் கால்பந்து ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான், 650 ரூபாய். திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பஸ்ஸுக்குப் பணமில்லாமல் இரண்டு நாள் செம்மண்டலத்திலிருந்து நடந்தே வந்தான். மூன்றாம் நாள் அவனே ஒரு தாள் எடுத்துக் கோடு போட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருந்தான்.

ராத்திரித் தூக்கம் பற்றி அவனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், அங்கே பக்கத்துப் பாயில் படுக்கும் பையனுக்கும் பங்குனியில் 18 முடிகிறது என்றான். இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து வீடு பார்க்கிறோம்.

நாளைக் காலை முதுநகர் போய் மீன் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். விலை பேசுவது அவன் பொறுப்பு.