புதுப்பிப்பு: சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வருடம் முடிந்தது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள கிரின்னெல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அது ஒரு துறையோடு நிற்காமல் பல துறைப் பாடங்களையும் படிக்கவைக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, மாணவர்கள் மொத்தமே 1,700 சொச்சம் பேர்தான், அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன யோசனைதான்: பாடப் பட்டியலை நம்பாதே, கடந்த சில வருடங்களில் எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் உண்மையிலேயே நடந்தது என்று பார். சின்னத் துறையில் மேல்நிலைப் பாடங்கள் எல்லாப் பருவமும் வராது. அதைப் பார்த்து நாலு வருடத்துக்கும் திட்டம் போட்டு ஆலோசகரிடம் காட்டினேன், ஒரு பாடத்தை மட்டும் முன்னால் நகர்த்தச் சொன்னார்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் இங்கே தருவது பி.ஏ. பட்டம்தானே, படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வேலை அனுமதி கிடைக்குமா என்று சிலர் பயந்தீர்கள். அது பிரச்சினையே இல்லை. ஐ-20 தாளில் (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்று) உள்ள துறைக் குறியீடுதான் கணக்கு; கம்ப்யூட்டர் சயின்ஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால், ஓபிடி என்கிற 12 மாத வேலை அனுமதிக்குப் பிறகு 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

எதிர்பாராதது, முதல் பாடம் பைத்தானில் இல்லை, ஸ்கீம் மொழியில். லூப் எழுதிப் பழகிய கைக்கு எல்லாவற்றையும் ரிகர்ஷனில் (ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே மறுபடி அழைப்பது) யோசிப்பது முதலில் திணறல்தான், ஆனால் ஏற்கெனவே கோடிங் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவது எனக்கு ரொம்பப் பிடித்தது. வகுப்பில் நீண்ட விரிவுரை கிடையாது, இரண்டிரண்டு பேராக ஒரே கம்ப்யூட்டரில் பயிற்சி செய்ய வேண்டும், பேராசிரியரே பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். அப்புறம், அடுத்த பாடம் சி மொழியில்.